சிவப்புப் புள்ளி வைத்த ஸ்க்ரூ

சென்ற வாரம் கார்டு வீட்டுக் கூடத்தில் டிவி செத்துப்போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. போட்டால் கம்பெனிச் சின்னம் வரும், அணையும். மறுபடி வரும், மறுபடி அணையும். நாளெல்லாம் இதே வேலை. அந்த வீட்டுப் பூனை எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, சின்னம் வந்தால் கண் திறப்பதும் போனால் கண் மூடுவதுமாகப் பழகி, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் பாதியாக இளைத்துவிட்டது. நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் பூனையை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கார்டு என்றால் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே ஒழிய விசிலை விடவில்லை. காபிக்கு ஒரு விசில். குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் இரண்டு. ஒருமுறை கூடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுத்தி ஊதிவிட்டார். தெருவில் போய்க்கொண்டிருந்த பஸ் நின்று, இரண்டு பேர் இறங்கி, ஒருவர் ஏறிக்கொண்டார்.

அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவளின் கணவர் டிவி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சீனியர். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சட்டைக்குப் போடும் கஞ்சி அப்படிப்பட்டது. அவர் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்பே சட்டை வாசலில் வந்து நின்றுகொண்டிருக்கும். வீட்டில் அவருக்குப் பெயர் கம்பெனியார். சின்னவளின் கணவர் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருப்பவர். எப்போது பார்த்தாலும் விரலில் ஈயம் ஒட்டியிருக்கும். பெயரும் அதுவே ஆகிவிட்டது: ஈயம்.

டிவி, பெரிய மாப்பிள்ளை மாமனாருக்குக் கொடுத்த அன்பளிப்பு. உத்தரவாதம் முடியும்வரை பொறுமையாக இருந்து, முடிந்த கையோடு கெட்டது. கம்பெனியார் வந்தார், பார்த்தார், "போர்டு போச்சு மாமா. இந்த மாடலுக்கு போர்டு இப்ப வர்றதில்ல. புதுசா வாங்கிடுங்க" என்றார்.

கார்டுக்கு வந்ததே கோபம். "ஒரு போல்ட் போச்சுன்னு நான் ரயிலையே தூக்கி எறிஞ்சிருந்தா, இன்னிக்கு ஊர் உலகமே நடந்துதான் போயிட்டிருக்கும்! இந்தப் பெட்டியை எந்த மாப்பிள்ளை பேச வைக்கிறாரோ, அவருக்குத்தான் முன்னறை!"

அப்படிச் சொல்லி, முன்னறைச் சாவியை விசில் கயிற்றிலேயே கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சென்ற வாரம் அங்கேதான் விட்டோம்.

முன்னறை என்பது தெருவைப் பார்த்த அறை. ஷட்டர் போட்டது. வாடகைக்கு இருந்த தையல்காரர் காலி செய்துவிட்டார். ஈயத்தின் கடை இருக்கும் கட்டடத்தை இந்த மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். முன்னறை கிடைத்தால் அவருக்குக் கடை உண்டு. கிடைக்காவிட்டால் சர்வீஸ் சென்டரில் தற்காலிக ஹெல்ப்பராகச் சேர வேண்டியதுதான். அதுவும் யாருக்குக் கீழே? கம்பெனியாருக்குக் கீழே. கம்பெனியாருக்கோ அதே முன்னறையில் கம்பெனியின் கிளை ஒன்றைத் திறந்து, சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க ஆசை.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

*

காலையில் கார்டு ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்துக்குப் போனதும், ஈயம் பின்வாசல் வழியாக வந்தார். கையில் ஒரு பை. பைக்குள் துணி. துணிக்குள் ஒரு போர்டு.

"எங்கே கிடைச்சது மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமியார். கார்டின் மனைவி என்பதால் தெருவில் அவருக்கு கார்டம்மா என்று பெயர்.

"இதே மாடல் பெட்டி ஒண்ணு அத்தை. யாரோ பந்தால அடிச்சு ஸ்க்ரீனை உடைச்சுட்டாங்க. ஸ்க்ரீன் போச்சு, உள்ளே இருக்கறது நல்லாத்தான் இருக்கு. கடைக்குக் கடை கேட்டு அலைஞ்சு பிடிச்சேன். உதிரி பாகத்தை கம்பெனியே வித்துட்டா நாங்க ஏன் இப்படி உடைஞ்ச பெட்டியைத் தேடிட்டுத் திரியப்போறோம்?"

டிவியைச் சுவரிலிருந்து இறக்கிக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டார். பழைய போர்டு வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. மூடியபின் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். சின்னவளின் நகப்பூச்சு. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார்.

"இது எதுக்கு, அழகுக்கா?"

"இல்ல அத்தை. நான் மூடின பெட்டியை வேற யாராவது திறந்தா புள்ளி உடைஞ்சுடும். எங்க தொழில்ல இதுதான் சீல்."

சுவரில் மாட்டிப் போட்டதும் டிவி பேசியது. சாதாரணமாகப் பேசவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. கார்டம்மா இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டார். பூனை எழுந்து வேறு அறைக்குப் போனது.

"மாமா வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை. சாயங்காலம் உங்க பொண்ணைக் கூட்டிட்டு வரேன். எல்லாரும் இருக்கறப்ப போட்டுக் காட்டுவோம்."

"எனக்கென்ன, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் கார்டம்மா.

ஈயத்தின் சைக்கிள் தெருமுனை திரும்பியது. கார்டம்மா போனை எடுத்தார்.

"பெரியவளே, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சின்ன மாப்பிள்ளை சொல்லிட்டுப் போயிருக்காரு. அதனாலதான் உன்கிட்ட மட்டும் சொல்றேன்..."

*

பெரியவள் அப்போது மாடியில் பூந்தொட்டிகளுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் தொட்டிக்கு ஓட்டை போட அவள் பயன்படுத்துவது ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும், கணவரின் பழைய சால்டரிங் அயர்ன். அது ஒரு காலத்தில் பயிற்சிப் பள்ளியே பேசிய அயர்ன். ஈயம் அதே பள்ளியில் பின்னால் வந்து சேர்ந்தபோது, வாத்தியார் சுவரில் மாட்டியிருந்த மாதிரி போர்டைக் காட்டி, "பத்தவைக்கறதுன்னா இப்படிப் பத்தவைக்கணும்" என்பாராம். அந்த போர்டு கம்பெனியாருடையது. கம்பெனியில் சேர்ந்தபின் அயர்னுக்கு வேலை இல்லை. போர்டு கெட்டால் புது போர்டு. புது போர்டு இல்லாவிட்டால் புது டிவி. கையில் பிடிப்பது ஒரு டேப்லெட்டை, சொல்வது ஒரே வாக்கியத்தை.

அம்மா சொன்னதைக் கேட்டதும் பெரியவள் அயர்னைத் தொட்டியிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். அந்தத் தொட்டியின் ஓட்டை வழியாக இன்றைக்கும் ஒரு பூனை நுழைந்து போகலாம்.

அவள் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டாள்.

"என்னங்க, உங்க தம்பி டிவியைப் பேச வெச்சுட்டாராம்."

"யாரு?"

"ஈயம்தான். வேற யாரு? நீங்க வாங்கிக் கொடுத்த டிவி, நீங்க வேலை பார்க்கற கம்பெனி டிவி, அதை அவர் பேச வெச்சுட்டாரு. சாயங்காலம் எல்லாரையும் நிக்க வெச்சுப் போட்டுக் காட்டுவாராம். என் தங்கச்சி பக்கத்துல நின்னு சிரிப்பா. நான் கைதட்டணுமாம். எனக்குக் கை வராதுங்க, சொல்லிட்டேன்."

"கைதட்டாத. யார் கட்டாயப்படுத்தறாங்க?"

"சின்ன வயசுல எனக்கு ஒரு பொம்மை வாங்கினாங்க. அவகிட்ட போனதும்தான் அது கண்ணைத் திறந்து மூட ஆரம்பிச்சது. என்கிட்ட இருந்த வரைக்கும் அசையலை. அன்னிலேருந்து பார்த்துட்டிருக்கேன்."

கம்பெனியார் போனை வைத்தார். எதிரே ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். "போர்டு போச்சு, புதுசா வாங்கிடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். அந்த மனிதர் கொண்டுவந்தது ரிமோட்டை மட்டும்தான்.

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கம்பெனியார் கிளம்பினார். பொறாமைக்காரர்கள் எல்லோரும் சும்மா பார்த்துவிட்டு வரத்தான் கிளம்புகிறார்கள்.

*

"வாங்க மாப்பிள்ளை, உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே!" என்று வரவேற்றார் கார்டம்மா.

கம்பெனியார் டிவியைப் போட்டார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பக்கவாட்டில் தலையை நுழைத்துப் பின்பக்கம் பார்த்தார். வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவருக்குத் தோன்றியது. புள்ளிகள் சிரித்தன என்று நான் சொல்லவில்லை. சிரிக்கவில்லை என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

மூடியின் இடுக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது. ஈயம் உருகிய வாசனை, அதோடு கொஞ்சம் பசை தீய்ந்த வாசனை. போர்டில் ஏதோ ஒரு முனை விட்டிருக்கிறது, ஈயம் தொட்டுச் சேர்த்திருக்கிறார். கம்பெனியார் மூக்கை எடுக்காமல் அப்படியே நின்றார். அந்த வாசனைக்காக அவர் ஒரு காலத்தில் சாப்பாட்டைத் தள்ளிவைத்தவர்.

"எல்லாம் சரியா இருக்கா மாப்பிள்ளை? நீங்க கம்பெனி ஆளாச்சே, ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க" என்றார் மாமியார்.

இங்கேதான் விஷயம். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டி கண்ணில் பட்டாலும் முதலில் அப்டேட் போட வேண்டும். பிறகுதான் பேச்சு. நாம் உட்காரும் முன் நாற்காலியைத் தட்டுவது மாதிரி. அப்டேட் போட, சர்வீஸ் ஆள் தன் ஊழியர் எண்ணை அடிக்க வேண்டும். அடித்தால் பெட்டியின் உள்ளே 'சரிசெய்தவர்' என்று அவர் பெயர் பதிவாகும். அது கம்பெனியாருக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் மாமனார் போடும்போது திரையின் மூலையில் தன் பெயரும் கொஞ்சம் தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும்?

புது அப்டேட் வந்தபின் பெட்டி தன் பாகங்களைத் தானே சோதிக்கும், வேறு பெட்டியின் போர்டு என்று தெரிந்தால் பூட்டிக்கொள்ளும் என்று போன மாதப் பயிற்சியில் சொன்னார்கள். அது மறந்துபோய்த்தான் அழுத்தினேன் என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அவர் விரலைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால் வேறு சொல்லக்கூடும்.

அழுத்தினார். ஒரு நீலக் கோடு வளர்ந்தது. டிவி அணைந்து எரிந்தது. திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்து:

'அங்கீகாரம் பெறாத பாகம் கண்டறியப்பட்டது. இந்தப் பெட்டி இயங்காது. உதவிக்கு உங்கள் சர்வீஸ் ஊழியரை அழைக்கவும்.'

கீழே ஒரு எண்.

"ஐயையோ, என்ன மாப்பிள்ளை இது?"

"ஒண்ணுமில்ல அத்தை... ஒரு நிமிஷம்..."

"நம்பர் போட்டிருக்கானே, கேட்டுடுவோம்" என்று கார்டம்மா போனை எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்தினார்.

கம்பெனியாரின் பாக்கெட் அடித்தது.

பழக்க தோஷம். எடுத்துக் காதில் வைத்து, "வணக்கம், சர்வீஸ் சென்டர். உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றார்.

"வணக்கங்க. எங்க வீட்டு டிவி இப்பத்தான் நல்லா ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு கறுப்பாயிடுச்சு" என்றார் கார்டம்மா, எதிரிலேயே நின்றபடி.

"கடைசியா யார் அதைத் தொட்டாங்க மேடம்?"

"எங்க பெரிய மாப்பிள்ளைங்க. அவர் உங்க கம்பெனிலதான் இருக்காரு. ரொம்ப நல்லவரு."

கம்பெனியார் போனை அணைத்தார். டிவியின் பிளக்கையும் பிடுங்கினார். "சாயங்காலம் பார்த்துக்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சட்டை கொஞ்சம் தாமதமாகத்தான் பின்தொடர்ந்தது.

*

சாயங்காலம் எல்லோரும் வந்துவிட்டார்கள். கார்டு நடுநாற்காலியில். சின்னவள் கைநகமெல்லாம் சிவப்பாகத் தங்கப்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள்போல நின்றாள். தங்கப்பன் யாரென்று கேட்காதீர்கள், அவ்வளவு அலங்காரம் என்று சொல்ல வந்தேன். பெரியவள் தன் கைநகங்களைப் பார்த்தாள். அவளுடையது ஊதா. திடீரென்று ஊதா அவளுக்குப் பிடிக்காமல் போனது.

"வண்டி கிளம்பலாம்" என்று கார்டு விசில் ஊதினார்.

ஈயம் டிவியைப் போட்டார். கறுப்பு. வெள்ளை எழுத்து.

கார்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். "அங்கீகாரம் பெறாத பாகமா? என் வீட்டுல, என் சுவத்துல தொங்கிட்டு, என் கரண்ட்டைக் குடிச்சிட்டு, எனக்கு அங்கீகாரம் இல்லைன்னு சொல்ல இது யாரு?"

"காலையில நல்லா ஓடுச்சு மாமா" என்றார் ஈயம். குரல் இறங்கிவிட்டது.

"ஓடுச்சுங்க, நான் பார்த்தேன். பெரிய மாப்பிள்ளைகூட வந்து பார்த்தாரே!" என்றார் கார்டம்மா.

"நீங்க வந்தீங்களா அத்தான்?" என்று சின்னவள் திரும்பினாள்.

"சும்மா... இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றார் கம்பெனியார்.

பெரியவள் முந்திக்கொண்டாள். "உடைஞ்ச டிவில இருந்து பிடுங்கினதை மாட்டினா எத்தனை நேரம் ஓடும்? கம்பெனி ஆளுங்க என்ன முட்டாளா? சின்னவளே, கவலைப்படாத. உன் வீட்டுக்காரருக்கு எங்க சென்டர்லயே ஒரு இடம் பார்த்துத் தரச் சொல்றேன். சட்டை இலவசமாத் தருவாங்க."

சின்னவளின் முகம் நகத்தைவிடச் சிவந்தது. ஈயம் டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "அண்ணே, பின்னாடி வாங்க" என்று கம்பெனியாரை மட்டும் அழைத்தார்.

பின்வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரு போர்வையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

"அப்டேட் போட்டீங்களா அண்ணே?"

போர்வை கொஞ்சம் அசைந்தது.

"ஸ்க்ரூல ஒரு புள்ளிகூட உடையலை. யாரும் திறக்கலை. ரிமோட்லதான் நடந்திருக்கு."

"கை தானாப் போயிடுச்சுப்பா."

"கையா?"

"கைதான்."

"சரி. அந்தக் கைக்கு என்மேல என்ன கோபம்?"

கம்பெனியார் போர்வையை விலக்கினார். "கோபம் இல்ல. பொறாமை. போதுமா? உன் விரலைப் பார்த்தாலே எனக்கு எரியுது. நாள் முழுக்க ஈயம் ஒட்டியிருக்கு. எனக்கு இங்க் கறைகூட ஒட்டறதில்ல. கெட்டதைச் சரிபண்ணத்தான் நானும் படிச்சேன். கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க."

ஈயம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "பழைய போர்டு என் பையிலதான் இருக்கு அண்ணே. அதுல இந்தப் பெட்டியோட அடையாளம் ஒரு சிப்ல இருக்கும். அதை எடுத்து புது போர்டுல வெச்சா பெட்டி நம்மளை நம்பிடும். ஆனா எட்டுக்கால் சிப் மூணு இருக்கு. மூணும் ஒரே மாதிரி. தப்பானதைத் தொட்டா எல்லாம் போச்சு. எதுன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். பயிற்சியில் காட்டினார்கள். காட்டிவிட்டு, வெளியில் சொன்னால் வேலை போகும் என்றும் சொன்னார்கள்.

கம்பெனியார் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். "அயர்ன் இருக்கா?"

*

சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்தார்கள். டிவியைக் கவிழ்த்தார்கள். சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக உடைந்தன.

கம்பெனியார் கைக்கு அயர்ன் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அயர்ன் முனை பழைய போர்டில் தட்டித் தட்டிப் போனது.

"நான் பண்ணட்டுமா அண்ணே? நீங்க எதுன்னு மட்டும் காட்டுங்க."

"தொடாத!"

அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. கார்டின் கை தானாக விசிலுக்குப் போனது. கம்பெனியார் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஒவ்வொரு காலாக ஈயம் உருகியது. இடுக்கியின் நுனியில் அரிசி அளவு சிப் எழுந்து வந்தது. புது போர்டில் அதற்கு உரிய இடத்தில் இறங்கி, எட்டுக் காலும் பளபளவென்று ஒட்டிக்கொண்டது. ஈயம் குனிந்து பார்த்தார். பயிற்சிப் பள்ளிச் சுவரில் பார்த்த அதே வேலை. இப்போது அவர் நெஞ்சிலும் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியது. பொறாமை ஒரு வீட்டில் நுழைந்தால் யாரையும் விட்டுவைப்பதில்லை.

போர்டை மாட்டி, டிவியை நிமிர்த்திப் போட்டார்கள். டிவி பேசியது.

கார்டு ஊதிய விசிலில் தெருவில் என்னென்ன நின்றது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி, பெரிய மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"என் கண்ணால பார்த்தேன் மாப்பிள்ளை. முன்னறை உங்களுக்கு."

பெரியவள் கைதட்டினாள். வராது என்ற கை நன்றாகவே வந்தது. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பெனியார் ஈயத்தைப் பார்த்தார். இப்போது அவன் வாயைத் திறப்பான். திறந்தால் மறுத்துவிடலாம், சண்டை போடலாம், சாவியோடு கிளம்பிவிடலாம். ஈயம் திறக்கவில்லை. அயர்னைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியைப் பார்த்ததும் கம்பெனியாருக்கு வந்த பொறாமை இருக்கிறதே, மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அந்த அமைதியாவது தனக்கு வர வேண்டாமா?

"மாமா, கெடுத்ததும் நான்தான்" என்றார்.

"என்னங்க!" என்றாள் பெரியவள்.

"காலையில தம்பி பேச வெச்சுட்டான். மத்தியானம் நான் வந்து வாயை அடைச்சேன். இப்ப சரிபண்ணினது, நான் கெடுத்ததைத்தான்."

கார்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டியை ஓட்டிக் கொண்டுவந்தவர் ஒருத்தர். தடம் புரள வெச்சவர் ஒருத்தர். தூக்கி நிறுத்தினதுக்கு நன்றி மாப்பிள்ளை. ஆனா வண்டி யாருதுன்னா, ஓட்டினவருது." சாவி கைமாறியது. ஈயம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சின்னவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"ஒரு கண்டிஷன்" என்றார் கம்பெனியார், ஈயத்தைப் பார்க்காமல். "அந்தக் கடையில ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு ஸ்டூல் போடணும். அயர்ன் நான் கொண்டுவரேன்."

"அதுல தொட்டி பிளாஸ்டிக் ஒட்டியிருக்குமே அண்ணே."

"சுரண்டிக்கலாம்."

ஈயம் சிரித்தார். டிவியை மறுபடி மூடி, சின்னக் குப்பியை எடுக்கப் பைக்குள் கை விட்டார்.

"நில்லுங்க" என்றாள் பெரியவள்.

எல்லோரும் நின்றார்கள். முன்னறை போனது, கைதட்டியது வீண், சட்டைப் பேச்சு திரும்பி வந்து தன்மேலேயே விழுந்தது. அவளுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

"அது என்ன சிவப்புப் புள்ளி?"

"அது சீல் அக்கா. என்னோட நகப்பூச்சுதான்" என்றாள் சின்னவள், கொஞ்சம் பெருமையாக.

"ஓ. உன் வீட்டுக்காரர் திறந்தா உன் கலரா? இப்ப திறந்து சரிபண்ணினது யாரு? என் வீட்டுக்காரரு!" பெரியவள் கைப்பையைத் திறந்து தன் ஊதா நகப்பூச்சை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியாரின் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். 

"யாரு அண்ணே?" என்றார் ஈயம்.

"கம்பெனி. மத்தியானம் பூட்டிக்கிட்டப்பவும், இப்ப திறந்தப்பவும் பெட்டி தானா தகவல் அனுப்பிடுச்சாம். பூட்டு எப்படித் திறந்துச்சு, யார் திறந்தாங்கன்னு கண்டுபிடிக்கணுமாம். நாளைக்குக் காலையில நேர்ல போய், பின்பக்க ஸ்க்ரூவையெல்லாம் படம் எடுத்து அறிக்கை கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

"யாரை?"

"என்னைத்தான். ஏரியா மேனேஜரும் கூட வர்றாராம்."

சட்டென்று ஏதோ தோன்றித் திரும்பினார். பெரியவள் டிவியின் பின்னால் குனிந்திருந்தாள். கடைசி ஸ்க்ரூவின் பூச்சை ஊதி ஊதிக் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வெச்சே?"

"எல்லாத்துக்கும்" என்றாள் அவள், நிமிர்ந்து. அன்றைக்கு முதல் முறையாக அவள் முகம் நிறைந்திருந்தது. "பெரிசா, பளிச்சுனு வெச்சிருக்கேன். யார் வந்து பார்த்தாலும் உங்க வேலைன்னு தெரியணும். விலை உயர்ந்த பூச்சுங்க. சுரண்டினாலும் போகாது."